ஆறு மணி பத்து நிமிடம்

இறந்துபோன ஒரு பெண்ணின் கேஸ் ஷீட்டில் நான் நேரத்தைத் திருத்தினேன். காலை ஆறு பத்து என்று இருந்ததை எட்டுப் பத்து என்று ஆக்கினேன். அது போதாதென்று, 'நாட்டு மருந்து கொடுத்துவிட்டுத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். அவள் கணவர் வழியில் எந்த வைத்தியர் வீட்டிலும் நிற்கவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தார். எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

இது நடந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் ஓய்வு பெற்ற டாக்டர். போன வருடம் வரை இதை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. சொல்ல வைத்தது ஒரு செல்போன் கேள்வி.

ஓய்வுக்குப் பிறகு குடவாசலில் ஒரு சின்ன கிளினிக்கில் காலையில் இரண்டு மணி நேரம் உட்காருகிறேன். அங்கே பானு என்ற பெண் வந்துபோகிறாள். பிலிப்பைன்ஸில் மருத்துவம் படித்தவள். அவள் அப்பா வளைகுடாவில் பதினெட்டு வருடம் இருந்து, திரும்பி வந்து ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே தொழில் செய்ய எழுத வேண்டிய தகுதித் தேர்வில் இரண்டு முறை சில மதிப்பெண்ணில் தவறியிருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்ப்பாள். நோயாளி இல்லாத நேரத்தில் செல்போனில் கேள்விகளைத் தட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஒரு கேள்வியை என்னிடம் படித்துக் காட்டினாள். வயல்வேலை செய்யும் பெண். தரையில் படுத்துத் தூங்கியவள். விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுகிறாள். இமைகள் சரிகின்றன. உடம்பில் கடித்த தடம் எதுவும் இல்லை. என்ன?

அவளே விரலால் தொட்டுவிட்டாள். பச்சை நிறத்தில் சரி என்று வந்தது.

"கட்டுவிரியன். நாலு செகண்ட் சார். இதெல்லாம் சும்மா கிடைக்கிற மார்க்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்ன சார், தெரியலையா? உங்க ஊர் கேள்வியாச்சே."

உண்மைதான், எங்கள் ஊர்க் கேள்வி. அதற்கு எனக்கு இரண்டு மணி இருபது நிமிடம் ஆனது.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெல் விவசாயக் குடும்பம். வீட்டில் முதல் பட்டதாரி. படித்து முடித்து அரசு வேலைக்கு வந்து, பல ஊர் மாறி, முப்பத்தெட்டு வயதில் கடைமடைப் பகுதியில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டுக் கடைசியாக வந்து சேரும் இடம். முப்பது படுக்கை. செயற்கை சுவாச மெஷின் கிடையாது. கையால் அழுத்தும் ஆம்பு பை ஒன்று இருந்தது. அதன் வால்வு ஒட்டிக்கொள்ளும் என்பதால் தினமும் கழற்றித் துடைப்போம்.

அங்கே தலைமை மருத்துவர் ஜபருல்லா. எல்லோருக்கும் அவர் பெரிய டாக்டர். கடற்கரை ஊர்க்காரர். சத்தமே வராத செருப்பு போட்டிருப்பார். சரியாக எட்டரைக்கு ரவுண்ட்ஸ் வருவார். நோயாளியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் பேசுவார். நின்றுகொண்டு கேள்வி கேட்டால் நின்றுகொண்டுதான் பதில் வரும் என்பார். திட்டமாட்டார். தப்பு செய்தவரிடம் இன்னும் மெதுவாகப் பேசுவார், அவ்வளவுதான். நான் வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒன்றே ஒன்று சொன்னார். வயல்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களில், காலையில் வயிற்றுவலி என்று யார் வந்தாலும், வயிற்றில் கை வைக்கும் முன்னால், ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். தண்ணீர் ஏறினால் எலி வீட்டுக்குள் வரும், எலிக்குப் பின்னால் விரியன் வரும், அது கடித்தால் எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது என்றார்.

நான் தலையாட்டினேன். அந்த ஊர்களின் பிள்ளைதானே நான், இது எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

அப்போது என் மனம் இங்கிலாந்தில் இருந்தது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டிருந்தார்கள். அங்கே தொழில் செய்ய உரிமம் தரும் தேர்வின் முதல் கட்டத்தைச் சென்னையிலேயே எழுதலாம். அதற்காக நான் அட்டைகள் தயாரித்தேன். வீட்டுக்கு வந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பாதியாக வெட்டி, எழுத்தில்லாத பக்கத்தில் நோயின் அடையாளத்தை எழுதுவேன். மறுபக்கம், மணமக்கள் பெயருக்குக் குறுக்கே, சிவப்பு மையில் நோயின் பெயர். வெயிலில் போனால் கன்னத்தில் பட்டாம்பூச்சி போலச் சிவக்கும் பெண்: லூபஸ். ஒரு பக்க இமை சரிந்து, கண்பாவை சுருங்கி, அந்தப் பக்கம் வியர்க்காத புகைபிடிப்பவர்: நுரையீரல் உச்சியில் புற்று. இமை சரியும் இளம்பெண், மேலே பார்க்கச் சொன்னால் இன்னும் சரியும்: மயஸ்தீனியா. இப்படி ஆயிரத்துக்கு மேல். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக வைத்திருந்தேன். பாம்பைப் பற்றி ஒரே ஓர் அட்டை இருந்தது. அந்த நாட்டில் உள்ள ஒரே விஷப்பாம்பைப் பற்றியது.

டியூட்டி அறையில் அதிகாலையில் எழுந்து, டைம்பீஸை எதிரில் வைத்துக்கொண்டு, இருபது கேள்விகளை இருபது நிமிடத்துக்குள் போட்டுப் பார்ப்பேன். தேர்வில் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். பாதியில் எழுந்தால் பயிற்சி வீண் என்பது என் கணக்கு.

ஐப்பசி மாதம். தேர்வுக்கு இருபது நாள் இருந்தது. சிஸ்டர் வந்து டியூட்டி அறைக் கதவைத் தட்டினார். நான் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தபோது மணி ஆறு பத்து. டாக்டர் பார்க்கும் நேரத்தைச் சீட்டில் குறிப்பது அங்கே வழக்கம். சிஸ்டர் அதைக் குறித்தார்.

பெயர் வசந்தா. வயது இருபத்தாறு. நடவு வேலைக்குப் போகிறவள். கணவர் முருகையன் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, அவள் விழாமலிருக்கத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏழு மைல் மிதித்து வந்திருந்தார். வயிற்றுவலி, ஒருமுறை வாந்தி என்றார். அவள், "கண்ணத் தூக்க முடியல சார்," என்றாள். குரல் மூக்கால் வந்தது.

இரண்டு இமையும் பாதி மூடியிருந்தன. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இதை மறைக்க விரும்பவில்லை, சந்தோஷம்தான் வந்தது. என் விரலை உயர்த்திப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிரு என்றேன். ஒரு நிமிடத்தில் இமைகள் இன்னும் கீழே இறங்கின. மனதில் அந்த மயஸ்தீனியா அட்டை மறுபக்கம் திரும்பியது. வயிற்றுவலிக்கு வேறோர் அட்டை, இரைப்பைப் புண். அதற்கு ஊசி போடச் சொன்னேன். ஒரு பெண்ணுக்கு ஒரே காலையில் இரண்டு நோய் ஏன் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கே படுத்தாய் என்று நான் கேட்கவில்லை.

தஞ்சாவூரில் நரம்பு மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். நல்ல ஆங்கிலத்தில், தேர்வில் எழுதுவது போல, அரைமணி நேரம் எழுதினேன். பிறகு அறைக்குப் போய் அட்டைகளை எடுத்தேன். ஏழரைக்கு சிஸ்டர் வந்து, எச்சில் விழுங்க முடியவில்லை, ஓரத்தில் வழிகிறது என்றார். களைப்பாக இருக்கும், எட்டரைக்குப் பெரிய டாக்டர் வரட்டும், காட்டிவிட்டு அனுப்பலாம் என்றேன்.

பெரிய டாக்டர் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ராத்திரி எங்கம்மா படுத்திருந்த?" என்று கேட்டார்.

அவளால் பேச முடியவில்லை. கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, விரலால் தரையைக் காட்டினாள்.

ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். நல்ல உடம்புக்காரர்கள் முப்பது வரை போவார்கள். அவள் உதடு நாலு முறை அசைந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை, உட்கார்ந்தபடியே விஷமுறிவு மருந்து பத்துக் குப்பி, வேன், ஆம்பு பை என்று மூன்றே மூன்று சொன்னார். மூச்சுக்கான குழாயை அவரே தொண்டையில் இறக்கினார். உள்ளே ஏற்கெனவே எச்சில் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்து, நுரையீரலுக்குப் போய்விட்டது, ஒரு மணி நேரம் முன்னால் என்றால் பிரச்சினையே இல்லை என்றார், மிக மெதுவாக.

வேனில் நானும் போனேன். முருகையனுக்கு ஆம்பு பையை அழுத்தச் சொல்லிக் கொடுத்தேன். நீங்கள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் ஒருமுறை அழுத்துங்கள் என்றேன். அவர் தப்பாமல் அழுத்தினார். பாதி வழியில் அவள் இதயம் நின்றுவிட்டது. நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் அவர் விரல்கள் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன.

திரும்பி வந்ததும் பெரிய டாக்டர் என் அறைக்கு வந்தார். அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை.

"எத்தனை மணிக்கு வந்தாங்க?"

"எட்டு மணி தாண்டித்தான் சார். அதுக்கு முன்னாடி யார்கிட்டயோ வேர் அரைச்சுக் குடுத்திருக்காங்க."

மேஜையில் இருந்த அட்டைக் கட்டுகளைப் பார்த்தார். மேலே இருந்த ஒன்றை எடுத்துப் படித்தார். திருப்பி, மணமக்கள் பெயரையும் படித்தார். எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"பரீட்சை எப்ப?"

"இருபது நாள் சார்."

"நல்லா எழுதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் சீட்டிலும் ரிஜிஸ்டரிலும் ஆறை எட்டாக்கினேன். பேனாவால் ஒரு வளைவு போதுமானதாக இருந்தது. விசாரணை என்று ஒன்று வந்தால் வெளிநாடு போக அரசு தரும் தடையில்லாச் சான்று கிடைக்காது. அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. சிஸ்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதன்பிறகு என் டியூட்டி நாட்களில் அவர் லீவு எடுத்துக்கொள்வார்.

ஒரு வாரத்தில் வசந்தாவின் அண்ணன் வந்தார். கூட்டுறவு சொசைட்டியில் எழுத்தர். தங்கை எப்படி இறந்தாள் என்று எழுத்தில் வேண்டும் என்றார். நான் எழுதிய சுருக்கத்தில் ஒரு நகல் கொடுத்தேன். அதைப் பதினாறாம் நாள் காரியத்தில் உறவுக்காரர்கள் முன்னால் அவர் படித்துக் காட்டினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. முருகையனுக்கு நாலு வயதில் ஒரு மகள் இருந்தாள். பெண்டாட்டியை வேர்க்காரன் வீட்டுத் திண்ணையில் போட்டுக் கொன்றவனிடம் பிள்ளையை விடமாட்டோம் என்று மாமன் அன்றே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் தேர்வில் தேறினேன். இங்கிலாந்தில் குளிர் அதிகமான ஒரு சிறு நகரத்தில் ஏழு வருடம் வேலை செய்தேன். அங்கே ஒரு மயஸ்தீனியாவைக்கூட நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் திரும்பி வந்து, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கடைசிவரை இருந்தேன். காலை வயிற்றுவலிக்காரர்கள் எல்லோரிடமும் எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். அதனால் சிலர் பிழைத்தார்கள். அதை இதற்கு ஈடாகச் சொல்ல மாட்டேன்.

பானு அந்தக் கேள்வியைப் படித்த மறுவாரம் முருகையனைத் தேடிப் போனேன். நெல் கொள்முதல் நிலையத்தில் இருப்பார் என்றார்கள். மூட்டை தூக்கிய உடம்பு, இப்போது முடியாததால் குவித்திருக்கும் நெல்லுக்குக் காவல். தார்ப்பாயின் ஓரத்தில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் துண்டை உதறி நான் உட்கார விரித்தார்.

"ஐயாவா. அடையாளமே தெரியல. வந்ததுதான் வந்தீங்க, இந்த முட்டிக்கு ஏதாவது எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்று சிரித்தார்.

நான் நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தேன். பிறகு பெரிய டாக்டர் ஞாபகம் வந்து உட்கார்ந்தேன். சீட்டைத் திருத்தியது, வேர் மருந்து என்று எழுதியது, எல்லாம் சொன்னேன். அவர் நெல்லில் ஒரு கைப்பிடி எடுத்து, ஊதி, திரும்பப் போட்டார்.

"நான் எங்கயும் நிக்கலன்னு எனக்குத் தெரியுமே ஐயா," என்றார். "எத்தனையோ பேர்கிட்ட சொல்லிப் பாத்தேன். பேப்பர்ல இருக்குன்னாங்க. டாக்டரு ஏன்டா பொய் எழுதப்போறாருன்னாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வாய்க்கா மதகுகிட்ட செயின் கழண்டுது. அத மாட்டுன நேரத்துலதான் போச்சோன்னு, இத்தன வருசமா அந்தச் செயினத்தான் மாட்டிக்கிட்டு இருக்கேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னொரு செங்கல்லை எடுத்துத் தார்ப்பாய் ஓரத்தில் வைத்தார். பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. எம் மவகிட்ட சொல்லுங்க," என்றார்.

மகள் மலர்க்கொடியைப் பேராவூரணிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவர் தேங்காய் வியாபாரம். இருவரும் பஸ்ஸில் போனோம். வீட்டு வாசல்வரை வந்த முருகையன் உள்ளே வரவில்லை. ரோட்டோரத்தில் தேங்காய் மட்டை குவித்திருந்த இடத்தில் நின்றுகொண்டார். கல்யாணத்துக்கு வந்ததோடு சரி, அதுவும் பந்தலோடு திரும்பிவிட்டதாகச் சொன்னார்.

மலர்க்கொடிக்கு அவள் அம்மாவின் முகம். நான் சொன்னதை நின்றபடியே கேட்டாள். அழவில்லை. மாமா இருக்கிறாரா என்று கேட்டேன். இரண்டு வருடம் முன்னால் இறந்துவிட்டார் என்றாள்.

"சாவுற அன்னைக்கும் எங்கப்பா பேரச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு," என்றாள். "நீங்க முன்னாடியே வந்திருக்கணும் சார்."

"ஆமாம்மா."

உள்ளே போனாள். பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

"வாயில சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. அன்னைக்கும் பேப்பர்லதான எழுதுனீங்க. இதயும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

எழுதினேன். காலை ஆறு பத்துக்கு வந்தாள், வேர் மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை, விஷம் என்று கண்டறியாதது டாக்டரான என் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவள் இரண்டு முறை படித்தாள். மடித்து அரிசி டின்னுக்கு மேலே வைத்தாள். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே போனாள்.

முருகையன் நின்றபடியே குடித்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பேசியது கொஞ்சம்தான். சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவள், "ஞாயித்துக்கெழம புள்ளைங்க வீட்லதான் இருக்கும்," என்று சொன்னது மட்டும் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பட்டுக்கோட்டை தாண்டியதும், "ஆறு பத்துன்னா எழுதுனீங்க?" என்றார்.

"ஆமா."

"ஆறுன்னுல்ல நெனச்சேன். கேட்டுல நொழையிறப்ப ரைஸ் மில்லுச் சங்கு ஊதுச்சு. காதுல இருக்கு." விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "சரி, அந்தப் பத்து நிமிசம் நான்தான் எங்கயோ விட்டுருக்கேன்."

அவர் எங்கேயும் விடவில்லை. அன்று இருபது கேள்விகளை ஐந்து ஐம்பதுக்கு ஆரம்பித்திருந்தேன். சிஸ்டர் கதவைத் தட்டியது ஆறு மணிக்கு, சங்கு ஊதி முடிந்ததும். இருபதையும் முடித்துவிட்டு வருகிறேன் என்று கதவைத் திறக்காமலே சொன்னேன். இருபதில் பதினெட்டு சரியாக வந்தது. அதைக் கட்டத்துக்குள் எழுதி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்தத் தாளில் இதை நான் எழுதவில்லை. எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவரிடம் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டே முன்னால் போய், டிரைவருக்குப் பின்னாலிருந்த காலி சீட்டில் உட்கார்ந்தார். அவர் ஊர் வரும்வரை அவர் தலையின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது படிக்கட்டில் நின்று திரும்பினார்.

"அந்தப் பேப்பர்ல இது இல்லையே," என்றார். "இதயும் எழுதிருங்க."

பானு இந்த முறை தேறிவிட்டாள். இனிப்புக் கொண்டுவந்தாள். முருகையன் ஞாயிற்றுக்கிழமைகளில் பேராவூரணி பஸ்ஸில் போகிறார் என்று கேள்விப்பட்டேன். முட்டி வலிக்கு நான் அனுப்பிய மாத்திரைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன். முருகையன் தன் மனைவியோடு காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். ஆறு பத்துக்கு வந்தது நான்.